அன்றாடத்துக்கு ஒரு கேமரா, பட்ஜெட் 40, அவசரம்

நங்கநல்லூர்காரன் · டிச. 8, இரவு 10:47
தினசரி உபயோகத்துக்கு ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா சொல்லுங்க. பட்ஜெட் 40. சனிக்கிழமை வாங்கணும். போன் சொல்லாதீங்க, போன் இருக்கு. சின்னதா இருந்தா நல்லது. அவசரம்.

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · இரவு 10:58
40 ஆயிரம்தானே? போன தடவை ஒருத்தர் பட்ஜெட் 5ன்னு போட்டு, 5 லட்சம்னு நெனச்சு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம். எதை எடுக்கப் போறீங்க? ஆளா, ஊரா, சாப்பாடா? பகலா, ராத்திரியா? வீடியோ உண்டா? புதுசுதான் வேணுமா, கைமாறினது ஓகேவா? ஒண்ணும் சொல்லாம கேமரா கேக்கறது, செருப்புக் கடைல காலைக் காட்டாம சைஸ் கேக்கற மாதிரி.

போன்போதும்பா · இரவு 11:05
சொல்லாதீங்கன்னாலும் சொல்வேன். 2010-ல ஜப்பான் கேமரா கம்பெனிங்க 12 கோடி டிஜிட்டல் கேமரா அனுப்பினாங்க. 2023-ல 80 லட்சம்கூட தேறல. வாங்காம விட்ட அத்தனை பேரும் ஏமாளியா? அந்த 40-ஐ இப்போ இருக்கிற போன்கூட சேத்து மாத்திக்குங்க.

மூவிங்_டார்கெட் · இரவு 11:20
அன்றாடம்னாலே வீட்ல குழந்தை இருக்குன்னு அர்த்தம். ஓடுற புள்ளையை எடுக்க ஃபோகஸ் கூடவே ஓடணும். கேனான் ஆர்50 பாருங்க, 2023-ல வந்தது. ஆள், நாய், பூனை, பறவை எதைப் பிடிச்சாலும் விடாது. பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏத்த வேண்டி வரும்.

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · இரவு 11:24
உங்க "கொஞ்சம்" எங்களுக்குத் தெரியும் சார்.

சிசிடி_செல்லம் · இரவு 11:31
அண்ணா, கடைக்கே போக வேணாம். வீட்டுப் பரண்ல தேடுங்க, 2008 வாக்குல வாங்கின பழைய டிஜிகேம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அந்தக் காலத்து சிசிடி சென்சார் இருக்கே, அதான் படம் பதியற சில்லு, அதோட கலரே தனி. என் கிளாஸ்ல பாதிப் பேர் அதுதான் வெச்சிருக்காங்க. பேட்டரி மட்டும் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பாத்துக்கலாம்.

அபெர்ச்சர்_அண்ணாச்சி · டிச. 9, காலை 6:02
மாதம் நான்கு முறை இதே கேள்வி. மேலே தேடும் கட்டம் அழகுக்காக வைக்கப்படவில்லை.

சென்சார் அளவு தெரியாமல் கேமரா வாங்குவது, கிரவுண்டா சதுர அடியா என்று கேட்காமல் மனை வாங்குவதற்குச் சமம். மலிவான காம்பாக்ட்டில் இருப்பது ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. "ஒரு இஞ்ச்" என்று விற்பது 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் நான்கு மடங்கு. எந்தப் பக்கம் அளந்தாலும் அதில் ஒரு இஞ்ச் வராது. அந்தக் காலத்து டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டக் கணக்கில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஏபிஎஸ்-சி 23.5 × 15.6. ஃபுல் ஃபிரேம் 36 × 24. இவற்றை மனப்பாடம் செய்துவிட்டுக் கேள்வியைத் திருத்தி எழுதினால் பதில் சொல்லலாம்.

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · காலை 7:40
காலங்கார்த்தால பரீட்சையா அண்ணாச்சி. ஆனா இஞ்ச் விஷயம் நிஜம்தான். நானும் ரொம்ப நாள் ஸ்கேலை வெச்சு அளந்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன்.

நங்கநல்லூர்காரன் · காலை 9:15
ஆபீஸ்ல இருக்கேன். குழந்தை இல்ல. கோலம். போன்ல எடுத்தா கோடெல்லாம் வெள்ளையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, இல்லன்னா மொத்தமா கலங்கலா வருது. அதான் கேமரா.

போன்போதும்பா · காலை 9:22
போன் லென்ஸைத் துடைச்சுப் பாத்தீங்களா? சிரிக்காதீங்க. பாதி கலங்கலுக்குக் காரணம் விரல் எண்ணெய்.

மந்தைவெளி_மருமகள் · காலை 10:03
கோலமா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா? போட்டதும் எடுக்கறதா, விடிஞ்ச பிறகா? உங்க வாசல் மட்டுமா, ஊர்க் கோலமா? எடுக்கப் போறது நீங்கதானா?

நங்கநல்லூர்காரன் · மதியம் 1:40
நான் இல்ல, அம்மா. 66 வயசு. மயிலாப்பூர்ல சித்திரகுளம் பக்கம் வீடு. மார்கழி பூரா காலைல 5 மணிக்குக் கிளம்பி மாட வீதி நாலும் சுத்துவாங்க, கண்ணுல பட்ட கோலத்தையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு வந்து மதியம் நோட்டுல போட்டுப் பாப்பாங்க. இப்பல்லாம் பாதி மறந்துடுதாம். கோயில்ல போன் கூடாதுன்னு அதை வீட்லயே வெச்சுட்டுப் போறாங்க. விரல் மூட்டுல வலி, தொடுதிரை ஆகாது. எடுக்கறப்போ எங்கயோ தொட்டு எனக்கு வீடியோ கால் வந்துடுது. பழசும் ஓகே.

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · மதியம் 1:52
இது ஒண்ணுதான் நாங்க நேத்திலேர்ந்து கேட்டது.

ஒரு சிக்கல். 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்கள்ல போனைத் தடை பண்ணச் சொன்னதே, உள்ள படமும் வீடியோவும் எடுக்கறாங்கங்கற வழக்குலதான். போனை விடாதவங்க கேமராவை மட்டும் விடுவாங்களா?

நங்கநல்லூர்காரன் · மதியம் 1:55
ஐயோ. யோசிக்கவே இல்ல.

மந்தைவெளி_மருமகள் · பிற்பகல் 3:30
சித்திரகுளம்னா கூப்பிடு தூரம்தானே. முதல்ல தெரு, அப்புறம் வீட்டுல கேமராவை வெச்சுட்டு கோயில். அம்மா ஒத்துக்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க, சிலருக்குச் சாமி பாக்காம வேற வேலை ஓடாது.

இப்போ கோலத்துக்கு வரேன். அஞ்சு மணிக்குத் தெருவிளக்குதான் வெளிச்சம். தண்ணி தெளிச்ச தரை கறுப்பு, கோடு வெள்ளை. பிரேம்ல முக்கால்வாசி கறுப்பா இருக்கறதால கேமரா "இருட்டா இருக்கே"ன்னு தானா வெளிச்சத்தைக் கூட்டிடும். தரை சாம்பலாகும், கோடு வெந்து குழைஞ்சிடும். உங்க போன்லயும் நடந்தது இதுவாத்தான் இருக்கும். கேமரா தானா வைக்கற வெளிச்சத்தை நாம கூட்டிக் குறைக்கறதுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு ஒண்ணு இருக்கு, அதை மைனஸ் 1-ல வெச்சாலே சிக்குக் கோலத்துல எந்த இழை எதுக்குள்ள நுழையுதுன்னு தெரியும். மெனுவுக்குள்ள புதைஞ்சிருக்காம, அதுக்குன்னு தனிச் சக்கரம் இருக்கிற கேமராவா பாருங்க. விரல் வலிக்காரங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஃபிளாஷை மறந்துடுங்க. ஈரத் தரைல பட்டுத் திரும்பி கோலத்து நடுவுல ஒரு நிலா உக்காந்துக்கும். தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால இருந்தா அம்மா தலை நிழல் கோலத்துமேல விழும், நேரெதிர்ல இருந்தா ஈரத்துல விளக்கு பளபளக்கும். விளக்கு பக்கவாட்டுல வர்ற மாதிரி நிக்கச் சொல்லுங்க.

வாசல் முழுக்கப் போட்ட கோலம் அடங்கணும்னா லென்ஸ் 24 மி.மீ.ல ஆரம்பிக்கணும். 28 ஆனா இன்னும் பின்னால போகணும், பின்னால பால் வண்டி வரும். கீழ்நோக்கிச் சாயற திரை இருந்தா கேமராவைத் தலைக்கு மேல தூக்கி எடுக்கலாம், வட்டம் நீள்வட்டமாகாது.

அபெர்ச்சர்_அண்ணாச்சி · மாலை 5:18
மன்னிக்கவும். வெண்பொருளுக்கு ப்ளஸ், கரும்பொருளுக்கு மைனஸ் என்பது அரிச்சுவடி. கோலம் வெண்பொருள். ஆகவே ப்ளஸ் 1.

மந்தைவெளி_மருமகள் · மாலை 5:31
பிரேம்ல எது அதிக இடம் பிடிச்சிருக்குங்கறதுதான் கணக்கு அண்ணாச்சி. பட்டு வேட்டி மாப்பிள்ளை பிரேம் முழுக்க நின்னா ப்ளஸ். கறுப்புத் தரைல நாலு வெள்ளைக் கோடுன்னா மைனஸ்தான்.

அபெர்ச்சர்_அண்ணாச்சி · மாலை 5:33
நான் 1994 முதல் படம் எடுத்து வருகிறேன்.

மந்தைவெளி_மருமகள் · மாலை 5:34
நான் 1994-லேர்ந்து கோலம் போடறேன்.

அரிசிமாவு_ஆர்மி · இரவு 8:12
கோடு வேகறதுக்குக் காரணம் கேமராவே இல்ல, கடைல விக்கற கல்மாவு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு வெளுப்பு. அரிசி மாவுல போட்டா கண்ணுக்கும் இதம், எறும்புக்கும் சோறு.

ஆறாவது_மாடி · இரவு 8:40
எங்க ஃபிளாட்ல அரிசி மாவுக் கோலம் போட்டா எறும்புக்கு முன்னாடி அசோசியேஷன் செகரட்டரி வந்துடறார்.

அரிசிமாவு_ஆர்மி · இரவு 8:44
அதுக்குத்தான் இழைக்கோலம் இருக்கு. ஊறவெச்சு அரைச்ச மாவை விரல் இடுக்குல விட்டுப் போட்டா ஒட்டிக்கிட்டு நிக்கும். பறக்காது, எறும்பும் கம்மி.

மந்தைவெளி_மருமகள் · இரவு 9:02
ஆனா அது காயக் காயத்தான் வெளுக்கும். போட்ட கையோட எடுத்தா படத்துல ஒண்ணுமே தெரியாது. அந்த வீட்டுக்கு மட்டும் ரெண்டாவது சுத்துல வரச் சொல்லுங்க.

ஆறாவது_மாடி · இரவு 9:10
கலர்ப் பொடியை யாரும் பேச மாட்டேங்கறீங்களே, அதுல என்ன குத்தம்? ஜனவரில வடக்கு மாட வீதி கோலப் போட்டிக்குக் கூட்டம் வருதுல்ல.

அரிசிமாவு_ஆர்மி · இரவு 9:12
கலர் போட்டா அது ரங்கோலி. கோலம் இல்ல.

அபெர்ச்சர்_அண்ணாச்சி · இரவு 9:20
இது கேமரா குறித்த இழை என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆறாவது_மாடி · இரவு 9:21
இழைக்கோலமும் இழைதானே அண்ணாச்சி.

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · டிச. 10, காலை 8:05
கோலம் கலைஞ்சுதா? சரி, வாங்கற கதைக்கு வருவோம். 40-க்குள்ள புதுசா, ஒரு இஞ்ச் சென்சாரோட, பாக்கெட்ல போடற மாதிரி ஒண்ணும் எனக்குத் தெரியல. கைமாறினதுல ரெண்டு பேர்: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, 2014-ல வந்தது. கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2, 2016. ரெண்டும் 24-ல ஆரம்பிக்கும், ரெண்டும் எஃப் 1.8 (இந்த எண் சின்னதானா லென்ஸ் வெளிச்சம் அதிகம் விடும்), ரெண்டுலயும் திரை கீழே சாயும், கை நடுக்கத்துக்கு லென்ஸ்லயே ஈடு உண்டு. சோனில பார்த்தெடுக்கக் குட்டி வ்யூஃபைண்டர் எழும்பி வரும், கோலத்துக்கு அது வேண்டாம். மருமகள் சொன்ன தனிச் சக்கரம் கேனான்லதான் மேலயே இருக்கு. என் ஓட்டு அதுக்கு. இன்ஸ்டா புள்ளைங்க அதைத் தேடி விலையை ஏத்தி வெச்சிருக்காங்க, பேரம் பேசுங்க.

வாங்கறப்போ அங்கயே நின்னு பத்து தடவை ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. லென்ஸ் வெளிய வரப்போ கரகரன்னா வேண்டாம். எஃப் 11-ல வெச்சு வெறும் வானத்தை ஒரு படம். புள்ளி தெரிஞ்சா உள்ள தூசி. செல்போன் டார்ச்சைச் சாய்ச்சு லென்ஸுக்குள்ள அடிங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. பேட்டரி உப்பியிருக்கான்னு மேஜைல வெச்சு சுத்தி விட்டுப் பாருங்க. பில் கேளுங்க. நான் ஒரு தடவை பீச் ஸ்டேஷன் பக்கம் பில் இல்லாம வாங்கிட்டு, ஃபிளாஷ் போனப்போ அந்தக் கடையே இருந்த இடம் தெரியல. பில் போட்டா வரி ஜாஸ்திம்பாங்க, அதை நம்பாதீங்க: 2019 ஜனவரிலயே கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 ஆயிடுச்சு.

சிசிடி_செல்லம் · காலை 8:30
இன்ஸ்டா புள்ளைங்கன்னு சொன்னது என்னையா

வேளச்சேரி_ஈரம் · காலை 11:47
பூஞ்சைன்னதும் வந்துட்டேன். என் பழைய லென்ஸ் ஒண்ணு ரெண்டு மழைக்காலத்துல போயே போச்சு. லெதர் உறைல போட்டு பீரோல, புடவைக்கு நடுவுல பத்திரமா வெச்சதுதான் தப்பு. காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல, நம்ம ஊர் ஈரம் மட்டும் இருக்கு. இறுக்கி மூடற பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. அம்மா ஏசி ரூம்ல தூங்கினா கேமராவை ஹால்ல வைக்கச் சொல்லுங்க. குளிர்ந்த கண்ணாடி தெருவுக்கு வந்ததும் வேர்த்துடும், முதல் நாலு கோலம் பனி மூட்டமா வரும்.

அப்புறம், சில எல்இடி தெருவிளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். சத்தமில்லாம எடுக்கற சைலன்ட் ஷட்டர் இருந்தா அணைச்சுடுங்க, இல்லன்னா படத்துல பட்டை விழலாம்.

அபெர்ச்சர்_அண்ணாச்சி · பகல் 12:15
இன்று காலை கறுப்புக் கல் தரையில் சோதித்தேன். மைனஸ் 0.7 போதும். மைனஸ் 1 அதிகம்.

மந்தைவெளி_மருமகள் · பகல் 12:17
மைனஸ்தானே அண்ணாச்சி? சந்தோஷம்.

போன்போதும்பா · டிச. 14, இரவு 9:50
சனிக்கிழமை போயிடுச்சு. என்ன வாங்கினீங்க?

ஆறாவது_மாடி · டிச. 17, காலை 7:15
மார்கழியே பொறந்துடுச்சு. கேட்டவர் ஆளைக் காணோம். இங்க மாவுச் சண்டை மட்டும் பாக்கி.

நங்கநல்லூர்காரன் · டிச. 20, இரவு 11:08
சாரி, ஆபீஸ். ஜி7எக்ஸ் மார்க் 2, பில்லோட, 38-க்கு முடிஞ்சுது. மைனஸ் 1-ல வெச்சுக் குடுத்துட்டேன், கோடு தனித்தனியா தெரியுது. எல்லாருக்கும் நன்றி. நாலு நாள்ல அம்மா 212 படம் எடுத்திருக்காங்க. கோலம் 31. மீதி எல்லாம் வடக்கு மாட வீதில கூடவே வர ஒரு நாய். அது பாதிக்கு மேல கலங்கல். அதுக்கு எந்த செட்டிங்?

ரிச்சிதெரு_ரிட்டர்ன்ஸ் · இரவு 11:10
நாய் ஓடுதா?

நங்கநல்லூர்காரன் · இரவு 11:11
ஓடுது.

மூவிங்_டார்கெட் · இரவு 11:12
ஆர்50.