நுவரெலியா போனால்தான் ஹீட்டர் ஞாபகம்

வெள்ளவத்தைவாசி:
கொழும்பில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? போன வாரம் நுவரெலியாவில்தான் தெரிந்தது, என் பழைய காரில் அது வேலை செய்யவில்லை. காற்று நன்றாக அடிக்கிறது, ஆனால் சில்லென்று. மகள் சால்வைக்குள் சுருண்டுவிட்டாள். எஞ்சின் வெப்ப முள்ளும் கீழேயே கிடக்கிறது. என்னவாக இருக்கும்?

கராஜ் மாமா:
தம்பி, முள் ஏறவில்லை என்றால் முதலில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) ரேடியேட்டருக்குப் போகாமல் மறிக்கும் வால்வு. அநேகமானவை 82 பாகை செல்சியஸ் அளவில்தான் திறக்கும். உங்களுடையது திறந்தபடி சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். நம் வெக்கைக்கு அது தேவையில்லை என்று சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். சுத்தப் பிழை. எஞ்சின் ஆறியபின் கூலண்ட் மட்டத்தையும் பாருங்கள்.

தெஹிவளை அக்கா:
எனக்கு முள் நடுவில்தான் நின்றது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸில் ஒன்று கொதி, மற்றது பச்சைத்தண்ணி. ஹீட்டர் கோர், அதுதான் சூடான கூலண்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர், அதில் அடைப்பு. கூலண்டுக்குப் பதில் குழாய்த்தண்ணீரே ஊற்றி வந்த பலன். கழுவியபோது தேநீர் நிறத்தில் துரு வந்தது.

வெள்ளவத்தைவாசி:
மாமா, திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமை! பஞ்சிகாவத்தையில் ஒன்று வாங்கிப் பூட்டியாயிற்று. சோதிக்க காலி வீதி நெரிசலில் ஹீட்டரைப் போட்டேன். மகள் கத்திய கத்து!