ராத்திரியில் ஹெலிகாப்டர் ஏன் வராது?

கேள்வி: பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் இருக்கிறேன். போன மாதம் இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. மலைப்பாதை வளைவுகளில் ஆம்புலன்ஸ் ஆடி ஆடிப் போனது. அப்பா இப்போது நலம். ஹெலிகாப்டர் என்றால் சட்டென்று போயிருக்கலாமே?

பதில்: தம்பி, ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். இருட்டில் மின்கம்பி தெரியாது. பினாங்கு மலை மேகத்துக்குள் ஹெலிகாப்டர் நுழைந்துவிட்டால், மேலே எது கீழே எது என்று விமானியை அவருடைய உள்காதே ஏமாற்றிவிடும். அமெரிக்காவில் 2008இல் மட்டும் மருத்துவ ஹெலிகாப்டர் விபத்துகளில் 29 பேர் இறந்தார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி வேண்டும் என்ற விதி 2014இல்தான் வந்தது!

இன்னொருவர்: அண்ணே, இரவில் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, உதவும். ஆனால் பார்வை 40 டிகிரிதான், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. மேகத்தையும் அது ஊடுருவாது.

கேட்டவர்: சரி அண்ணே. அப்பாவிடம் சொன்னேன், “ஆம்புலன்ஸே போதும்டா” என்கிறார்.