சம்பாவ் புல் சாகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம், 2 வயது செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றுகள். மரவட்டத்தில் (கன்றைச் சுற்றிய வட்டத்தில்) கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து 3 வாரம் ஆகிறது. லாலாங் களை காய்ந்துவிட்டது. சம்பாவ் புல் (goosegrass என்கிற களை) மட்டும் அசையவில்லை. தட்டையான வெள்ளை அடித்தண்டிலிருந்து புதுக் குருத்தே வருகிறது.

41% மருந்து, 16 லிட்டர் பம்புக்கு 120 மில்லி. குழாய்த் தண்ணீர்தான், கால்வாய்த் தண்ணீரில் கலங்கல் மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மழையும் இல்லை. ஆக இது அடித்த விதத்தின் கோளாறு அல்ல, மருந்துக்குப் பழகிய புல். நம் நாட்டில் 1990களிலேயே பதிவான சங்கதி.

"இன்னும் அரை மூடி ஊத்துங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சாரல் பட்டால் கன்றின் அடிமட்டைதான் பாழாகும். பாராகுவாட் களைக்கொல்லி இங்கே 2020 முதல் தடை. குளுஃபோசினேட் மருந்து மேலே எரிக்கும், ஆனால் நனையாத தூர் திரும்பத் துளிர்க்கும். அதற்கும் பழகிய சம்பாவ் இங்கே உண்டு.

கேள்வி இதுதான்: கன்றைச் சுற்றி குளெத்தோடிம் (புல்வகைக் களைக்கான மருந்து) அடித்தவர்கள் இருக்கிறீர்களா? பம்புக்கு எத்தனை மில்லி, எண்ணெய் சேர்த்தீர்களா, மட்டையில் பட்டபோது என்ன ஆனது? கதிர் சில இடங்களில் தலைகாட்டிவிட்டது. விதை கொட்டுமுன் அடிக்க வேண்டும். அதுவரை கதிர் விட்டதை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி வெளியேற்றுகிறோம்.