மறுகட்டுமானப் பணத்தை யார் கையில் கொடுப்பது?

கோத்தகிரி ஆசிரியர்:
போருக்குப் பின் வெளிநாட்டு உதவியில் நடக்கும் வேலைகளில் ஊழலைத் தடுக்க, பணம் கடக்கும் கைகளைக் குறைப்பதே முதல் வழி என்று கருதுகிறேன். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கான 5,50,000 இலங்கை ரூபாய், கட்டுமானம் முன்னேற முன்னேறத் தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. ஆப்கானிஸ்தானில் 2009இல் வர்தக் மாகாணக் காவலர் சிலருக்குக் கைப்பேசி வழியே சம்பளம் அனுப்பியபோது, தங்களுக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்களாம். அதுவரை மேலே இருந்தவர்கள் எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்வாசி:
ஐயா, ஒப்பந்தக்காரரை விலக்கினால் ஊழல் பயனாளிப் பட்டியலுக்குக் குடிபெயர்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இங்கு வந்த தாயகம் திரும்பியோர் குடும்பம் எங்களுடையது. மறுவாழ்வுக் கடன் தாத்தாவின் பெயரில்தான் வந்தது என்றாலும், கையொப்பம் வாங்கித் தந்த தரகர் தம் பங்கை எடுத்த பிறகே மீதி வீடு வந்து சேர்ந்தது. போரில் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, தொலைத்தவரும், காணாமல் போன கணவரின் பெயரில் நிலம் உள்ள பெண்ணும் ஒரு சான்றிதழுக்காக யார் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்காமல், கணக்கில் நேரடியாகப் போட்டோம் என்று நிறைவடைய முடியாது. வங்கியையும் நம்பிவிட முடியாது: அரசு ஊழியர் சம்பளத்தைக் கையாண்ட காபூல் வங்கியே, உள்ளிருந்தவர்களுக்குக் கொடுத்த கடன்களால் 2010இல் சரிந்தது.

கோத்தகிரி ஆசிரியர்:
அதற்குத்தான் தணிக்கை இருக்கிறது. ஆப்கான் மறுகட்டுமானத்துக்கென அமெரிக்க நாடாளுமன்றம் 2008இல் தனித் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தையே அமைத்தது.

கூடலூர்வாசி:
அமைத்தது, ஆனால் அது வாஷிங்டனுக்குத்தான் பதில் சொன்னது, ஆப்கான் கிராமத்தாருக்கு அன்று. நாடு தாங்கக்கூடிய அளவுக்கு மீறி அவசரமாகக் கொட்டிய பணமே ஊழலை வளர்த்தது என்று அந்த அலுவலகமே 2016இல் எழுதியது. ஒதுக்கிய தொகையைக் குறித்த காலத்துக்குள் செலவழித்துக் காட்டியாக வேண்டும் என்ற நிலையில், தப்பான பட்டியலை நிறுத்திவைக்க எந்த அதிகாரிக்கும் மனம் வராது.

கோத்தகிரி ஆசிரியர்:
அப்படியானால் சேர்க்கப்பட்டவர், விலக்கப்பட்டவர் இரு தரப்பின் பெயர்களையும் காரணத்துடன் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபணைகள் தீர்ந்த பிறகே முதல் தவணையை விடுவிக்கலாம். நேரடிச் செலுத்துதலை மட்டும் கைவிட மாட்டேன்.

கூடலூர்வாசி:
பட்டியல் தயாரித்த அலுவலகமே ஆட்சேபணையையும் விசாரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதி முறையீடுகள் பலவும் அங்கேதான் புதைந்தன.