எடிட்டரோடு மல்லுக்கட்டிய கதைகள்

முத்தியால்பேட்டையிலிருந்து:

எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் அவருடைய மகன் பிரான்சிலிருந்து வந்தபோது, அக்கா மகளுக்கென்று ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். பெண் இன்ஜினியரிங் முதல் வருடம். “அண்ணா, விஎஸ் கோட் போட்டுத் தாங்களேன்” என்று தூக்கிக்கொண்டு வந்தாள். புரோகிராம் எழுதுகிற எடிட்டர் அது.

போடுவது ஐந்து நிமிட வேலை. பைத்தான் மொழியில் இரண்டு வரி அடித்துக் காட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏ அடித்தால் க்யூ விழுகிறது. வைரஸோ என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் குனிந்து விசைகளைப் பார்த்தேன். பிரான்சில் புழங்குகிற அசெர்ட்டி விசைப்பலகை! ஏ-யும் க்யூவும் இடம் மாறியிருக்கின்றன, இசட்டும் டபிள்யூவும் அப்படியே. எம் போய் எல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட். { வேண்டுமா, வலப்பக்க ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 4. புரோகிராம் எழுதுகிறவனைப் பழிவாங்கவே செய்ததுபோல.

இதையும் சமாளிக்கலாம். கைப்பழக்கத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு வரி தப்பாகப் போனது, கன்ட்ரோல்–இசட் அடிக்க விரல் பழைய இடத்துக்குப் போனது. அங்கே இருப்பது டபிள்யூ. கன்ட்ரோல்–டபிள்யூ என்றால் கோப்பை மூடு என்று அர்த்தம். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மூன்று முறை. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கன்ட்ரோல்–ஷிஃப்ட்–டி அடித்தால் மூடிய கோப்பு திரும்பி வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு மனப்பாடம் ஆனது.

கடைசியில் விண்டோஸ் செட்டிங்கில் ஆங்கில லேஅவுட்டையும் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அடித்தால் மாறும் என்று சொல்லிக்கொடுத்தேன். கல்லூரி லேபில் இருப்பது சாதாரண விசைப்பலகைதானே, அதிலேயே பழகட்டும். விசைமேல் ஒட்டுகிற ஸ்டிக்கரும் வாங்கி ஒட்டியாயிற்று. ஒரு குறை மட்டும் தீரவில்லை: இடது ஷிஃப்ட் குட்டை, பக்கத்தில் ஒரு விசை கூடுதலாக இருக்கிறது. சுண்டுவிரல் இன்னும் அதில்தான் போய் விழுகிறதாம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். சொல்லுங்கள்.

வில்லியனூரிலிருந்து:

பிரான்ஸ் லேப்டாப் எல்லாம் எனக்கு வேண்டாம், நம் ஊர் லேப்டாப்பே போதும். கோட் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தமிழ் எழுத்து விழும். ஒரு வாரம், எடிட்டரில் கூடுதலாகச் சேர்த்திருந்த எக்ஸ்டென்ஷன்கள்மேல் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எடிட்டரில் வரியை நகலெடுக்க ஆல்ட்–ஷிஃப்ட்டோடு அம்புக்குறி. விண்டோஸில் மொழியை மாற்றவும் அதே ஆல்ட்–ஷிஃப்ட். விரல் கொஞ்சம் தயங்கினால் மொழி மாறிவிடுகிறது. விண்டோஸில் அந்த ஹாட்கீயை எடுத்துவிட்டேன், தீர்ந்தது.

கடலூர் முதுநகரிலிருந்து:

சிரிக்கிற கதை இல்லை என்னுடையது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய இரவு. அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இங்கேயும் காற்றும் மழையும் ஓயவில்லை. துறைமுகத்துப் பக்கம் கருவாட்டு வியாபாரி ஒருவருக்குப் பில் போடுகிற புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய டெஸ்க்டாப். கரண்ட் போகப்போகிறது என்று தெரியும், அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் சேவ் செய்துகொண்டே இருந்தேன். சேவ் செய்த அந்த நொடியிலேயே போனது.

கரண்ட் திரும்பியதும் முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தேன். அளவு சரியாக இருக்கிறது, 14 கேபி. உள்ளே ஒரு எழுத்து இல்லை. முதல் வரியிலிருந்து கடைசிவரை ‘நல்’, ‘நல்’, ‘நல்’ என்று கறுப்புக் கட்டங்கள். பெயர்தான் நல், நடந்தது பொல்லாதது.

எடிட்டரைத்தான் திட்டினேன். அப்புறம் தோண்டிப் பார்த்தால் தப்பு அதன்மேல் இல்லை. சேவ் என்றதும் எழுத்துகள் நேரே டிஸ்க்குக்குப் போவதில்லை. இயங்குதளம் அவற்றைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருந்து மெதுவாக எழுதும். கோப்பின் அளவு குறிக்கப்பட்டுவிட்டது, இடமும் ஒதுக்கியாயிற்று, எழுத்துகள் மட்டும் வந்து சேரவில்லை. பந்தியில் இலை போட்டாயிற்று, சோறு வருவதற்குள் பெட்ரோமாக்ஸ் அணைந்துவிட்டது. எழுதப்படாத இடம் எல்லாம் பூஜ்யம். அதைத்தான் எடிட்டர் நல் என்று காட்டுகிறது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க எதுவும் இல்லை, ஏனென்றால் அதில் எதுவும் எழுதப்படவே இல்லை. ரெக்கவரி மென்பொருளுக்குக் காசு கொடுக்கவிருந்தேன், நல்லவேளை கொடுக்கவில்லை.

வியாபாரியிடம் காட்டுவதற்காகப் பென்டிரைவில் எடுத்துப் போன பழைய நகல் ஒன்று இருந்தது. பதினோரு நாள் பழசு. அதை வைத்து மறுபடி எழுதினேன். இரண்டாவது தரம் எழுதியது முதலாவதைவிட நன்றாகவே வந்தது, அது வேறு விஷயம்.

இப்போது விஎஸ் கோட். அதில் கோப்புகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரின் அடியில் டைம்லைன் என்று ஒன்று இருக்கிறதே, திறந்து பாருங்கள். 2022 மார்ச் பதிப்பிலிருந்து ஒவ்வொரு சேவுக்கும் ஒரு நகலைத் தனி இடத்தில் வைத்துக்கொள்கிறது. கடைசி நகல் கெட்டாலும் அதற்கு முந்தையது இருக்கும். கோடின் ஒவ்வொரு கட்டத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) என்பதையும் போட்டிருக்கிறேன், ஆனால் மாலையில் வெளி சர்வருக்குத் தள்ளாவிட்டால் அதுவும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

முதுநகர் அண்ணா, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் டெஸ்க்டாப் அணைகிறது என்றால் அதன் பின்பக்கம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் ஈகோ, யூபிஎஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் மாறுவதற்கு நேரம் பிடிக்கும். ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் தாங்காது.

லாஸ்பேட்டையிலிருந்து:

மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாரம் ஒருவராவது வந்து “மிஸ், தமிழ் எல்லாம் போச்சு” என்பார்கள். திரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி நிற்கும். அந்த ஜோடியைப் பார்த்தாலே நிம்மதி அடைவேன். தமிழ் பத்திரமாக இருக்கிறது, தவறாக வாசிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து. அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. பழைய விண்டோஸ் குறிமுறையில் திறந்தால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாகக் காட்டிவிடும்.

விஎஸ் கோடில் வலப்பக்கம் கீழே குறிமுறையின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் இரண்டு வழி காட்டும்: வேறு குறிமுறையில் மறுபடி திற, வேறு குறிமுறையில் சேமி. முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். பதறிப்போய் இரண்டாவதை எடுத்தால் குப்பையையே ஒழுங்காகச் சேமித்துவிடும், அப்போதுதான் உண்மையிலேயே தமிழ் போச்சு.

இன்னொரு தலைவலி, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் ‘பாம்’ (BOM) என்கிற மூன்று பைட் அடையாளம். அது இல்லாத சிஎஸ்வி என்கிற அட்டவணைக் கோப்பை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதையும். அதே மூன்று பைட், இணையப் பக்கம் உருவாக்கும் பிஎச்பி மொழிக் கோப்பில் இருந்தால், ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்று பிழை வரும். ஒரு இடத்தில் மருந்து, இன்னொரு இடத்தில் நோய். ஒரு மாணவன் இரண்டு நாள் கோடின் முதல் வரியை அழித்து அழித்து எழுதினான், பாவம். அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து:

மிஸ், அந்த இரண்டு வழிகளில் தப்பானதை நானும் எடுத்திருக்கிறேன், ஒரு கல்யாண அழைப்பிதழ் பக்கத்துக்கு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர்க்காரரே, எழுந்து போய் எங்கள் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்த்தேன். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சுவிட்ச் ஈகோவில்தான் இருந்தது.