தாய்லாந்தில் ஆசிரியப் பணி: பிறந்தநாளை எந்த நாளில், எவ்வாறு கொண்டாடுவது?

திருமங்கலத்துப் பெண்:
வணக்கம். தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஒரு பள்ளியில் கடந்த மே மாதம் முதல் கணிதம் கற்பித்து வருகிறேன். நான் ஆனி மாதம் அஸ்த நட்சத்திரத்தில், ஒரு புதன்கிழமை காலையில் பிறந்தவள். ஆங்கிலக் கணக்கில் ஜூலை முதல் வாரம். ஊரில் இருந்தவரை, நட்சத்திரம் வரும் நாளில் தலைக்குக் குளித்து, அம்மாவுடன் முதல் பேருந்தில் மதுரைக்குச் சென்று, மீனாட்சியம்மன் சன்னதியில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்து திரும்புவோம். தேதிப்படி வரும் நாளில் வகுப்பில் மிட்டாய் கொடுப்பதோடு சரி.

இங்கே தமிழர் எவரும் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் என் பிறந்த ஆண்டை 2538 என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது, அது வேறு யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் போலவே தோன்றியது. நட்சத்திரத்தைக் கொள்வதா, தேதியைக் கொள்வதா? மாணவர்களிடம் சொல்லலாமா? நானே சொன்னால் பரிசு கேட்பதாக எண்ணிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். பேசாமல் அந்த நாளைக் கடந்துவிடவும் மனம் ஒப்பவில்லை.

அண்ணாநகர் வாத்தியார்:
சகோதரிக்கு வணக்கம். அந்நாட்டில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் நான். 2538 என்பது புத்த ஆண்டு. நம் கணக்கைவிட 543 கூடுதல். ஆகவே அது நீங்கள் பிறந்த 1995தான், வேறு யாருடையதும் அன்று.

இரண்டு நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் வீட்டுக்கு, தேதி பள்ளிக்கு. பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் தொடங்கும் நேரம் இந்திய நேரப்படி இருக்கும். தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னே செல்வதால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இருமுறை வந்தால் பின்னதைக் கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

மாணவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். எந்தத் தேதியில் பிறந்தோம் என்பதோடு எந்தக் கிழமையில் பிறந்தோம் என்பதையும் அம்மக்கள் பெரிதாக மதிக்கிறார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு. திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, புதனுக்குப் பச்சை. இப்போதைய மன்னரும் அவருடைய தந்தையும் திங்கட்கிழமையில் பிறந்தவர்கள் என்பதால்தான் அங்கே மஞ்சள் சட்டைக்கு அத்தனை மதிப்பு. கிழமைப் பெயர்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள்: ஆதித், சன், அங்கான், புத். ஆதித்தனும் சந்திரனும் அங்காரகனும் புதனும் அங்கே வேறு உச்சரிப்பில் இருக்கிறார்கள். நம் கோயில் நவக்கிரகச் சன்னதியிலும் புதனுக்குச் சாத்துவது பச்சைத் துணிதான். உங்கள் கன்னி ராசிக்கு அதிபதியும் அவரே. மதுரையைப் புதன் தலம் என்பார்கள். மீனாட்சியோ மரகதப் பச்சை. ஆகவே அன்று ஒரு பச்சைப் புடவை உடுத்திச் செல்லுங்கள். அதைப் பார்த்து மாணவர்கள் காரணம் கேட்பார்கள். நீங்களாகச் சொல்ல வேண்டியிராது.

பரிசு வாங்கும் நாளாக அன்றி, கொடுக்கும் நாளாகவே பிறந்தநாளை அங்கே பலர் தொடங்குகிறார்கள். விடியற்காலையில் பிக்குகள் பாத்திரமேந்தி வரும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறும் பழமும் இடுகிறார்கள். பெண்கள் பிக்குகளைத் தொடலாகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு ஒரு பாத்திரம் பாசிப்பருப்புப் பாயசம் வைத்து ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோங்கள். பருப்பும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சந்தையிலேயே கிடைக்கும். பாசிப்பருப்பைத் தேங்காய்ப்பாலோடு இனிப்பாக உண்பது அவர்களுக்குப் புதிதன்று.

பள்ளி தொடங்கிய சில வாரங்களில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமையில், ஆசிரியரை வணங்கும் விழா நடந்திருக்குமே? அன்று பிள்ளைகள் கொண்டுவந்த தட்டில் அருகம்புல்லும் இட்லிப்பூவும் கத்திரிப்பூவும் இருந்தனவா? கல்வி அருகுபோல் படர வேண்டும், அறிவு இட்லிப்பூ மொட்டுப்போல் கூர்மையாக வேண்டும், மனம் கத்திரிப்பூப்போல் தலைதாழ வேண்டும் என்று பொருள் சொல்வார்கள். உங்களை அவர்கள் அழைக்கும் ‘க்ரூ’ என்ற சொல்லும் நம் ‘குரு’தான். அந்தப் பிள்ளைகளா உங்களைத் தவறாக எண்ணுவார்கள்?

மேலூர்க்காரன்:
நான் மாலத்தீவில் ஒரு சிறு தீவில் பணியாற்றினேன். அங்கே போக ஒரு கோயில்கூட இல்லை. முதல் ஆண்டில் யாரிடமும் சொல்லாமல் அறையைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். மறு ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களில் ஒருவன் காலையில் தன் தந்தை பிடித்த சூரையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, ‘சார், இது உங்களுக்கு’ என்று நீட்டினான். நான் மீன் உண்ணாதவன். ஆனாலும் வாங்கி, பக்கத்து அறை ஆசிரியரிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடாதீர்கள், அக்கா.

ஒரு தாய், தெற்குமாசி வீதி:
மகளே, என் பிள்ளையும் வெளிநாட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். நீ எங்கே இருந்தாலும் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி உன் அம்மா அர்ச்சனை செய்வார். அதை அவரிடமிருந்து பறித்துவிடாதே. ஒன்று மட்டும் தெரிந்துகொள். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. சன்னதியிலிருந்து அவர் உன்னை அழைக்க முடியாது. போன வருடம் நான் வெளியே வந்து கைபேசியைத் திரும்பப் பெறுவதற்குள் என் மகன் நான்கு முறை அழைத்துவிட்டு, எனக்கு என்னவோ ஏதோ என்று பதறியிருக்கிறான். ஆகவே நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்துப் பெண்:
மூவருக்கும் நன்றி. விழாத் தட்டில் அருகம்புல் இருந்தது உண்மைதான். பிள்ளையார் நினைவு வந்ததே தவிர, அதன் பொருள் எனக்கு அன்று தெரியவில்லை. ஒரு பிள்ளையின் தட்டிலிருந்த இட்லிப்பூவை எடுத்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தேன். காய்ந்து இன்னும் அங்கேயே இருக்கிறது.

அம்மாவிடம் பேசிவிட்டேன். அஸ்தத்தன்று நடை திறந்ததும் உள்ளே சென்று, ஆறு மணிக்குச் சித்திரை வீதிக்கு வந்து என்னை அழைப்பதாகச் சொன்னார். எனக்கு அப்போது ஏழரை. எட்டு மணிக்குக் கொடியேற்றத்துக்கு மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதால் அரைமணி நேரம் பேசலாம். பச்சைப் புடவை என்னிடம் இல்லை என்றேன். தன்னுடைய சுங்குடிப் புடவையை அன்றே அஞ்சலில் அனுப்பிவிட்டார்.