35வது தெரு குடும்பக் குழு: சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி லூயிஸ் ராபர்ட்டை விற்கலாமா?

2025 ஜூலை 31, வியாழன்

பகல் 12:48

கார்த்திக்: நம் பிட்சர் (பந்துவீச்சாளர்) ஹவுசர் போய்விட்டார். டாம்பா பே அணி வாங்கிக்கொண்டது. நமக்கு கர்டிஸ் மீட், கூடவே மைனர் லீக் (கீழ்நிலை லீக்) பிட்சர்கள் இரண்டு பேர்.

ரவி: மே மாதம் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஆள். கூப்பிட்டு வந்தோம், 11 ஆட்டம் போட்டார். அதற்கு மூன்று பேரா? பழைய பேப்பர் போட்டுப் பித்தளைக் குடம் வாங்கின மாதிரி இருக்கிறதே.

நித்யா: அப்பா ஒயிட் சாக்ஸ் நிர்வாகத்தைப் பாராட்டுகிறார். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மீனா: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறீர்கள்? காலையிலேயே கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கார்த்திக்: வருகிறேன் பெரியம்மா. ஐந்து மணிக்கு டெட்லைன், அதற்கு மேல் வீரர்களைக் கைமாற்ற முடியாது. ராபர்ட்டும் இன்றைக்கே போய்விட்டால் நல்லது.

ரவி: என்ன நல்லது? கண்ணுக்கு நிறைவாக இருக்கிற ஒரே ஆள் அவர். அவரையும் அனுப்பிவிட்டு நான் யாரைப் பார்க்க டிக்கெட் வாங்குவது?

கார்த்திக்: பெரியப்பா, இந்த ஞாயிறோடு அவருக்கு 28 வயது. 2023ல் 38 ஹோம்ரன் அடித்தார், சரி. போன வருடம் 100 ஆட்டம்தான் ஆடினார். இந்த வருடம் ஜூன் வரை அடிக்கும் சராசரி .200ஐத் தொடவில்லை, பத்துக்கு இரண்டு அடிகூட இல்லை. இந்த மாதம்தான் கொஞ்சம் அடிக்கிறார். விலை ஏறும்போதே விற்றுவிட வேண்டும். நம் அணி தேறும்போது அவருக்கு 30 தாண்டிவிடும்.

ரவி: இதே கதையை 2016லும் கேட்டேன். நீ அப்போது பள்ளிக்கூடப் பையன். கிறிஸ் சேல் என்ற நல்ல பிட்சரை பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள், மான்காடா வருகிறார், கோபெக் வருகிறார், பொறுத்திரு என்றார்கள். பொறுத்தேன். 2018ல் 100 தோல்வி. அதையும் பொறுத்தேன். கடைசியில் என்ன கிடைத்தது? 2020, 2021 இரண்டு வருடமும் சேர்த்துப் பிளே-ஆஃபில் மொத்தம் இரண்டே வெற்றி. அப்புறம் நேராகப் பாதாளம்.

கார்த்திக்: அது விற்றதால் வந்த வினை இல்லை. விற்றதெல்லாம் சரியாகத்தான் விற்றார்கள். பிட்சர் கின்டானாவை இதே ஊர் கப்ஸ் அணிக்குக் கொடுத்து இளம் வீரர்கள் சீஸையும் ஹிமெனஸையும் வாங்கினோமே, அதைவிட நல்ல டிரேட் உண்டா?

ரவி: நித்யா, படித்தாயா? உங்கள் கப்ஸ் ஏமாந்த கதை.

நித்யா: படித்தேன் அப்பா. கிம்ப்ரல் கதையையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

ரவி: அதை ஏன் இப்போது எடுக்கிறாய்.

கார்த்திக்: அக்கா எடுத்தது சரியான இடம். 2021ல் பிரிவில் முதலிடத்தில் இருந்தோம். மேலே போகக் காசு போட வேண்டிய நேரம். செய்தது என்ன? கப்ஸிடம் இளம் வீரர் மாட்ரிகலைக் கொடுத்து பிட்சர் கிம்ப்ரலை வாங்கினார்கள். அவரும் சொதப்பினார். வலது ஃபீல்டுக்கு ஒழுங்கான ஆள் கடைசிவரை வரவில்லை. இந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பெனின்டென்டிக்குக் கொடுத்த 75 மில்லியன்தான். விதை நெல்லை நன்றாக வாங்கிவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச மறந்த கதை.

ரவி: இதைத்தான் நானும் சொல்கிறேன். ராபர்ட்டுக்கு அடுத்த வருடம் 20 மில்லியன், அதற்கடுத்த வருடம் 20 மில்லியன். இரண்டும் அணி விரும்பினால் மட்டும். வேண்டாம் என்றால் 2 மில்லியன் கொடுத்து அனுப்பிவிடலாம். சம்பளப் பட்டியலே காலியாகக் கிடக்கிற அணிக்கு அந்த 20 ஒரு பாரமா? வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்?

பகல் 1:35

தாத்தா: ஒன்று கேட்கிறேன். இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏலம் வைத்து நல்ல ஆட்களை எடுக்க வேண்டியதுதானே? நம் சென்னை அணியும் இந்த வருடம் கடைசி இடம். பாதியிலேயே அந்தப் பையன் மாத்ரேயையும் பிரெவிஸையும் கொண்டு வந்துவிட்டார்கள்.

கார்த்திக்: இங்கே ஏலம் கிடையாது தாத்தா. ஒரு பையன் மேஜர் லீக்கில் ஆறு வருடம் முடிக்கும்வரை அவனை எடுத்த அணியிடம்தான் இருப்பான். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான். அது இந்த வருடம் 7,60,000 டாலர். அதனால்தான் இளம் வீரர்கள் பணத்தைவிட மதிப்பு.

தாத்தா: குறைந்தபட்சமே ஆறு கோடியா? சரி, சரி.

நித்யா: தாத்தா, புதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். நன்றாகத் தோற்றால் நல்ல பையன் முதலில் கிடைப்பான் என்பது பழைய கணக்கு. இப்போது குலுக்கல். அதிலும் அப்பாவுக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

ரவி: போன வருடம் 121 தோல்வி அப்பா. 1962ல் மெட்ஸ் தோற்ற 120ஐயும் தாண்டியாயிற்று. நவீன காலத்தில் அவ்வளவு தோற்றவர்கள் யாரும் இல்லை. அதற்காவது முதல் தேர்வைக் கொடுக்க வேண்டாமா? பெரிய ஊர் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் குலுக்கலில் பரிசு வாங்கக் கூடாது என்று ஒரு விதி. முந்தின வருடம் 5வது இடம் வாங்கிவிட்டோம், ஆகவே இந்த வருடம் 10வது. பூமியில் யாரும் தோற்காத அளவுக்குத் தோற்றவனுக்கு 10வது இடம்!

கார்த்திக்: 121வது தோல்வி என்றதும் ஞாபகம் வருகிறது. செப்டம்பரில் நாம் போனோமே பெரியப்பா. அன்றைக்குத் தோற்றிருந்தால் சாதனை.

ரவி: போனோம். முழுக் கூட்டமும் "அணியை விற்றுவிடு" என்று கத்தியது. தோற்பதைப் பார்க்கவே காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் அன்றைக்கென்று 3-2 என்று ஜெயித்தார்கள். அந்தத் தொடர் முழுவதும் ஜெயித்துவிட்டு டெட்ராய்ட்டில் போய்த் தோற்றார்கள். ஒழுங்காகத் தோற்கக்கூடத் தெரியாத அணி.

மீனா: போப் லியோவே ஒயிட் சாக்ஸ் ரசிகர், உங்கள் கட்சிதானே, அவரிடம் சொல்ல வேண்டியதுதானே?

ரவி: கிண்டல் வேண்டாம் மீனா. 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். டிவியில் முகம் தெரிந்தது.

பகல் 3:20

கார்த்திக்: மெட்ஸ் பால்டிமோரிடமிருந்து ராபர்ட் இடத்தில் ஆடும் முல்லின்ஸை வாங்கிவிட்டது. ராபர்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்த அணி. ஒரு கதவு மூடியாயிற்று.

ரவி: நிம்மதி.

கார்த்திக்: சரி பெரியப்பா, ஒன்று ஒப்புக்கொள்கிறேன். போன டிசம்பரில் பிட்சர் குரோஷேயைக் கொடுத்தபோது டீல், மெய்ட்ராத், பிரேடன் மான்ட்கமரி, இன்னொரு பிட்சர் என்று நான்கு பேர் வந்தார்கள். அந்த மாதிரி விலை வந்தால் கொடுக்கலாம். சும்மா இரண்டு பெயருக்காகக் கொடுக்கக் கூடாது.

ரவி: இப்போது வழிக்கு வந்தாயா? எனக்கு இன்னொரு பயமும் உண்டு. பின்னால் பெரிய நட்சத்திரமான டாட்டிஸை 17 வயதிலேயே கொடுத்து பிட்சர் ஷீல்ட்ஸை வாங்கிய நிர்வாகம் இது.

கார்த்திக்: அது பழைய நிர்வாகம். பொது மேலாளர் கெட்ஸ் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பிட்சர் ஷேன் ஸ்மித்தைப் பாருங்கள். மில்வாக்கி பாதுகாக்காமல் விட்ட ஆள். அப்படி விடப்பட்டவர்களை எடுக்கும் ரூல் 5 தேர்வில் 1,00,000 டாலருக்கு எடுத்தார்கள். வருடம் முழுக்க அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜெயிக்கிற அணியால் அப்படி ஓர் இடத்தை ஒதுக்க முடியாது. நம்மால் முடிந்தது. சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கே தேர்வாகிவிட்டார்.

நித்யா: இன்னொரு மான்ட்கமரி, நம் கோல்சன்?

ரவி: அந்தப் பையன் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஏப்ரலில் மைனர் லீக் சார்லட் அணியில் அடிக்கவே வராமல் பயிற்சிக்கு அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். கதை முடிந்தது என்று இந்தக் குழுவிலேயே எழுதினேன். இப்போது வந்து பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

நித்யா: "இவனும் போச்சு" என்று எழுதினீர்கள். தேடி எடுத்துப் போடட்டுமா?

ரவி: வேண்டாம்.

மாலை 4:52

ரவி: எட்டு நிமிடம். கார்த்திக், ஏதாவது தெரிகிறதா?

கார்த்திக்: மினசோட்டா வீட்டையே காலி செய்கிறது. கொரேயாகூட ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். நம் பக்கம் சத்தமில்லை.

நித்யா: அப்பா மீட்டிங்கில் இருக்கிறேன் என்றீர்களே.

ரவி: கேமராவை அணைத்துவிட்டேன்.

மாலை 5:06

கார்த்திக்: முடிந்தது. ராபர்ட் எங்கும் போகவில்லை.

ரவி: அப்பாடா.

கார்த்திக்: குளிர்காலத்தில் மறுபடி இதே பேச்சுதான், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் காலில் எதையாவது இழுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

ரவி: வாயைக் கழுவு.

மீனா: ஞாயிறு ஆறு பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ராபர்ட் பிறந்தநாள் வேறு, பாயசம் வைக்கட்டுமா?

ரவி: வை. சேமியா.

தாத்தா: அந்த கர்டிஸ் மீட் எந்த ஊர்?

கார்த்திக்: ஆஸ்திரேலியா தாத்தா. அடிலெய்டு.

தாத்தா: அடிலெய்டில் பிறந்துவிட்டுக் கிரிக்கெட் ஆடாமல் இங்கே என்ன செய்கிறான்? அடுத்த முறை போகும்போது என்னையும் கூட்டிப்போங்கள். அவனைப் பார்க்க வேண்டும்.